தங்கும் இடம் எங்கே?



கோடை விடுமுறை நெருங்கும்போது நம் பங்குக் குடும்பங்களில் எழும் பேச்சு கடந்த சில ஆண்டுகளில் மாறியிருக்கிறது. முன்பெல்லாம் வேளாங்கண்ணிக்குப் போகலாமா, கொடைக்கானலுக்குப் போகலாமா என்பதே கேள்வி. இன்றோ பிள்ளைகளே இடத்தைத் தீர்மானித்து விடுகிறார்கள். இராட்டினங்களும் நீர்ச்சறுக்குகளும் நிறைந்த கேளிக்கைப் பூங்காவுக்கே போகவேண்டும் என்கிறார்கள். அதிலும் 2025 டிசம்பரில் திருப்போரூருக்கு அருகே இள்ளலூரில் வொண்டர்லா பூங்கா திறக்கப்பட்ட பின்னர், மதுரைப் பிள்ளைகளின் வாயில் சென்னையைத் தவிர வேறு ஊர்ப்பெயர் வருவதில்லை. இதைக் குறைகூற நாம் எழுதவில்லை. உழைத்துக் களைத்த பெற்றோரும் தேர்வெழுதிக் களைத்த பிள்ளைகளும் ஒன்றாகச் சிரித்து மகிழ ஓரிரு நாட்கள் வேண்டியவையே.

ஆனால் ஒன்றைக் கவனித்து வருகிறோம். எந்தப் பூங்கா, எவ்வளவு கட்டணம், எந்த இரயில் என்பதையெல்லாம் மாதக்கணக்கில் ஆராயும் குடும்பங்கள், இரவில் எங்கே தலைசாய்ப்பது என்பதைப் புறப்படுவதற்கு முந்தின நாள்தான் எண்ணிப் பார்க்கின்றன. "எழும்பூரில் இறங்கினால் விடுதிக்கா பஞ்சம்?" என்பார் தகப்பனார். "தம்பி வீடு இருக்கும்போது விடுதி எதற்கு?" என்பார் தாயார். ஆசையோடு தொடங்கிய எத்தனையோ பயணங்கள் மனக்கசப்பில் முடிவதற்கு இவ்விரண்டு சொற்களே காரணமாகி விடுகின்றன. ஆகவே இம்மாதம் இதைப்பற்றிச் சற்று விரிவாகவே பேசுவோம்.

வெளியூரில் தங்கத்தான் வேண்டுமா என்பதை முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். திண்டுக்கல் சாலையில், பரவையிலேயே அதிசயம் பூங்கா இருக்கிறது. மேலூர், திருமங்கலம், வாடிப்பட்டி, உசிலம்பட்டிப் பக்கத்துக் குடும்பங்கள் காலையில் புறப்பட்டுப் போய், மாலையில் தம் வீட்டுத் திண்ணைக்கே திரும்பி விடலாம். சின்னஞ்சிறு பிள்ளைகளை மட்டுமே உடைய பெற்றோருக்கு இதுவே போதும் என்பது நம் கருத்து. வொண்டர்லா போன்ற பெரிய பூங்காக்களில் பிள்ளையின் வயதைக் கேட்பதில்லை, உயரத்தை அளக்கிறார்கள். 85 சென்டிமீட்டருக்குக் குறைந்த குழந்தைக்குக் கட்டணமில்லை. 140 சென்டிமீட்டர் வரை சிறுவர் கட்டணம். பெரிய விளையாட்டுகள் பலவற்றில் உயரம் குறைந்த பிள்ளைகளை ஏற்றவே மாட்டார்கள். மூன்று வயதுக் குழந்தையை ஐந்நூறு கிலோமீட்டர் தூக்கிக்கொண்டு போய், அண்ணன்மார் ஆடுவதைப் பார்த்து அழவைப்பானேன்?

மேட்டுப்பாளையத்துப் பிளாக் தண்டர் பூங்காவுக்குப் போகிறவர்களுக்குக் குழப்பம் குறைவு. பூங்காவை ஒட்டியே அவர்களது விடுதி இருக்கிறது. மேட்டுப்பாளையம் ஊருக்குள்ளும் அறைகள் கிடைக்கும். கொச்சிப் பக்கம் போகிறவர்களும் உண்டு. அங்குள்ள பூங்கா 2000ஆம் ஆண்டில் வீகாலாண்டு என்ற பெயரில் தொடங்கப்பட்டு, இன்று வொண்டர்லா எனப்படுகிறது. அதனை நிறுவிய கொச்சௌசேப் சிட்டிலப்பிள்ளி அவர்கள், 2011இல் முன்பின் அறியாத ஒரு லாரி ஓட்டுநருக்குத் தம் சிறுநீரகங்களில் ஒன்றைக் கொடையாக அளித்தவர் என்பதை இடையே சொல்லிவைப்போம். தேனி, மூணாறு வழியாக வாகனத்தில் போகிறவர்கள் அன்றைக்கே பூங்காவுக்குள் நுழையத் திட்டமிட வேண்டாம். அந்த மலைச்சாலை வளைவுகளில் வயிற்றைப் புரட்டிக்கொண்டு வந்த பிள்ளைக்கு இராட்டினம் தண்டனையாகிவிடும்.

இனிச் சென்னைக்கு வருவோம். மதுரைக்காரருக்குச் சென்னை என்றால் எழும்பூர். நிலையத்துக்கு எதிரே கென்னட் சந்தில் அறை எடுத்துக் குளித்து, காப்பி குடித்துவிட்டு வேலையைப் பார்ப்பது தலைமுறை தலைமுறையாக வந்த வழக்கம். உயர்நீதிமன்றத்துக்கோ தலைமைச் செயலகத்துக்கோ போகிறவருக்கு அது சரி. பூங்காவுக்குப் போகிறவருக்கு அது சரியன்று. ஏனெனில் பூங்காக்கள் பெரும்பாலும் நகருக்குத் தெற்கே இருக்கின்றன. வி.ஜி.பி. பூங்கா ஈஞ்சம்பாக்கத்தில், எம்.ஜி.எம். பூங்கா முட்டுக்காட்டில், வொண்டர்லாவோ அதற்கும் தெற்கே, திருப்போரூர்ப் பக்கம். எழும்பூரிலிருந்து திருப்போரூர் நாற்பது கிலோமீட்டருக்கு மேல். அதாவது, மதுரையிலிருந்து பூங்காவைக் கடந்து போய், மறுநாள் நகர நெரிசலைக் கிழித்துக்கொண்டு வந்த வழியே திரும்பி வருகிறோம்!

பேருந்தில் செல்வோருக்கு இது இன்னும் தெளிவாக விளங்கும். 2023ஆம் ஆண்டு டிசம்பர் இறுதியில் கிளாம்பாக்கம் பேருந்து முனையம் திறக்கப்பட்டதிலிருந்து, தென்மாவட்டப் பேருந்துகள் அங்கேயே நின்றுவிடுகின்றன, கோயம்பேடு பழங்கதை. கிளாம்பாக்கத்தை அடுத்த வண்டலூரிலிருந்து கிழக்கே ஒரு சாலை நேராகக் கேளம்பாக்கத்துக்குச் செல்கிறது. அங்கிருந்து தெற்கே திரும்பினால் திருப்போரூர். கிழக்கே கடலோரம் கோவளம். இரயிலில் செல்வோரும் எழும்பூர் வரை போகாமல் தாம்பரத்தில் இறங்கிக்கொள்ளலாம். தாம்பரத்திலிருந்து கேளம்பாக்கம், திருப்போரூர் வழியாக மாமல்லபுரத்துக்கு மாநகரப் பேருந்து உண்டு. ஆகவே கேளம்பாக்கம், திருப்போரூர், கோவளம், மாமல்லபுரம் ஆகிய இந்த நாற்கோணத்துக்குள் அறை தேடுவதே அறிவுடைமை. மாமல்லபுரத்தில் தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் கடற்கரை விடுதியும் இருக்கிறது. எளிய தனியார் விடுதிகளும் இருக்கின்றன. பல்லவர் சிற்பங்களைப் பிள்ளைகளுக்குக் காட்ட ஒரு மாலைப்பொழுதும் கிடைக்கும்.

"அங்கெல்லாம் வாடகை அதிகம்" என்பீர்கள். கணக்குப் பார்ப்போம். எழும்பூரில் அறை 1,500 ரூபாய், பூங்காவுக்கு அருகில் 2,500 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஓரிரவில் ஆயிரம் மிச்சம். ஆனால் ஐந்து பேர் எழும்பூரிலிருந்து பூங்காவுக்குப் போய்வர வாடகைக் காருக்குக் கொடுக்கும் தொகை அந்த ஆயிரத்தை விழுங்கி, மேலும் கேட்கும். பேருந்தில் போனால் பணம் மிஞ்சும்; ஆனால் காலையில் இரண்டு மணி நேரமும் மாலையில் இரண்டு மணி நேரமும் போகும். பூங்காவில் நேரத்துக்கும் சேர்த்தே பணம் கட்டியிருக்கிறோம் என்பதை மறந்துவிடுகிறோம்.

இந்தக் கணக்கைப் பூங்காக்காரர்கள் நமக்கு முன்பே போட்டுவிட்டார்கள். அமெரிக்காவில் வால்ட் டிஸ்னி 1955 ஜூலையில் ஆனகைம் நகரில், 160 ஏக்கர் ஆரஞ்சுத் தோப்பு நிலத்தில் டிஸ்னிலாந்தைத் திறந்தார். விடுதி கட்ட அவரிடம் பணம் மிஞ்சவில்லை. ஜாக் ராதர் என்னும் வேறொருவர் விடுதி கட்டி அதே ஆண்டு திறந்தார். சுற்றிலும் சின்னஞ்சிறு விடுதிகள் முளைத்தன. மக்கள் பகலில் டிஸ்னியிடம் செலவழித்தது ஒரு பங்கு, இரவில் மற்றவர்களிடம் செலவழித்தது இன்னொரு பங்கு. பாடம் கற்ற டிஸ்னி, புளோரிடாவில் 27,000 ஏக்கருக்கு மேல் வாங்கிவிட்டார். அவர் மறைந்த பின்னர், 1971 அக்டோபர் 1ஆம் நாள் அங்கே பூங்கா திறக்கப்பட்டபோது விடுதிகளும் உடன் திறக்கப்பட்டன. ஆனகைமில் அந்தப் பழைய விடுதியை டிஸ்னி நிறுவனம் விலைக்கு வாங்க 1988 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. நம் நாட்டிலும் பெங்களூர் வொண்டர்லா 2005இல் தொடங்கி, 2012இல் தன் விடுதியை அமைத்துக்கொண்டது. நாம் எங்கே உறங்குகிறோம் என்பதில் வியாபாரிக்கு இவ்வளவு அக்கறை இருக்கும்போது, குடும்பத்தலைவருக்கு அதில் கொஞ்சமாவது அக்கறை வேண்டாமா? பூங்காவின் சொந்த விடுதியில்தான் தங்க வேண்டும் என்று நாம் சொல்லவில்லை. அது பெரும்பாலும் நம் பைக்கு மிஞ்சியது. வளையலை அடகுவைத்தும் மகளிர் குழுவில் கடன் வாங்கியும் அங்கே தங்கி, அடுத்த தவணைக்குப் பள்ளிக் கட்டணத்தைத் தள்ளிப்போடுவதைவிட, போகாமல் இருப்பதே மேல்.

நாம் முக்கியமாகச் சொல்ல வந்தது வேறு. குடும்பத்தில் மிகவும் பலவீனமானவர் யார் என்று பார்த்து, அவருக்கு ஏற்ற இடத்தைத் தேர்ந்தெடுங்கள். பாட்டியாக இருக்கலாம், கருவுற்ற மருமகளாக இருக்கலாம், சளிபிடித்த கடைக்குட்டியாக இருக்கலாம். நமக்குத் தெரிந்த ஒரு குடும்பம்: தகப்பனார், தாயார், மூன்று பிள்ளைகள், முழங்கால் வலியுள்ள பாட்டி. பெரம்பூரில் உறவினர் வீட்டில் தங்கி, முட்டுக்காட்டுக்குப் போனார்கள். வடசென்னையிலிருந்து பேருந்து மாறி மாறிப் போய்ச்சேர நண்பகல் ஆகிவிட்டது. பாட்டியின் கால்கள் வீங்கிவிட்டன. மூன்று மணிக்கே அவரால் உட்கார முடியவில்லை, படுக்க இடமில்லை, இவ்வளவு தொலைவு திரும்பிப் போய்விடவும் முடியவில்லை. "கிழவியைக் கூட்டிவந்ததே தப்பு" என்று யாரோ வாய்தவறிச் சொன்னது அவர் காதில் விழுந்தது. அதற்குப்பின் எந்தப் பயணத்துக்கு அழைத்தாலும், "நான் வீட்டைப் பார்த்துக்கொள்கிறேன், நீங்கள் போய்வாருங்கள்" என்கிறார். பாட்டியின் முழங்கால் அன்று செய்த குற்றம் என்ன? அறை பத்து நிமிடத் தொலைவில் இருந்திருந்தால், பிற்பகலில் தாயாரோ மூத்த பெண்ணோ அவரை அழைத்துப்போய்ப் படுக்க வைத்திருக்கலாம். மற்றவர்கள் மாலை வரை மகிழ்ந்திருக்கலாம். வெளியே வந்தவர் அதே சீட்டில் மீண்டும் உள்ளே செல்ல முடியுமா என்பதை மட்டும் வாயிலிலேயே கேட்டறிந்துகொள்ளுங்கள்.

உறவினர் வீட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. உறவைப் பார்க்கப் போவது நல்லது, நிச்சயம் போகவேண்டும். ஆனால் விடுதி வாடகையை மிச்சம்பிடிக்க உறவைத் தேடுவது வேறு. சென்னையில் நம்மவர்கள் பலர் ஓர் அறை, ஒரு கூடம், ஒரு குளியலறை என்ற அளவிலேயே குடியிருக்கிறார்கள். அங்கே ஆறு பேர் போய் இறங்கினால், வேலைக்குப் போகும் அந்த வீட்டுப் பெண் விடியுமுன்னே எழுந்து பத்துப் பேருக்கு இட்டலி அவிக்கிறாள். நாம் பூங்காவுக்குப் போய்விடுகிறோம். இரவில் களைத்து வந்து, சாப்பிட்டு, உறங்கிவிடுகிறோம். அவளோடு பேசினோமா? அவள் பிள்ளைகளையாவது உடன் அழைத்துப் போனோமா? அருகில் அறை எடுத்துக்கொண்டு, ஒரு மாலை மட்டும் பழமும் பூவும் வாங்கிக்கொண்டு போய், இரண்டு மணி நேரம் உட்கார்ந்து பேசிவிட்டு வந்தால், அடுத்த ஆண்டும் அந்த வீட்டில் நமக்கு முகமலர்ச்சி இருக்கும்.

அடுக்களையோடு கூடிய வீட்டை வாடகைக்கு எடுப்பதும் இப்போது பரவுகிறது. ஆறு, ஏழு பேருக்கு அது மலிவுதான். ஆனால் சமைப்பவர் யார் என்பதையும் பேசி முடிவுசெய்த பின்னரே எடுங்கள். மதுரையில் அடுப்படியில் நிற்கும் தாயாரைக் கோவளத்தில் அடுப்படியில் நிற்கவைப்பதற்கு விடுமுறை என்று பெயரிடலாகாது.

அறையை முன்பதிவு செய்யும்போது படத்தைப் பார்த்து மயங்காமல், தொலைபேசியில் பேசிக் கேளுங்கள். ஓர் அறையில் எத்தனை பேரை அனுமதிப்பார்கள், கூடுதல் படுக்கைக்கு எவ்வளவு, மின்தூக்கி உண்டா, எத்தனை மணிக்கு அறை கொடுப்பார்கள் என்பன முக்கியம். பல விடுதிகளில் நண்பகலுக்குப் பிறகே அறை தருகிறார்கள். பாண்டியனில் விடியுமுன்னே தாம்பரத்தில் இறங்கும் குடும்பம் அதுவரை எங்கே இருக்கும்? 2025 செப்டம்பர் 22 முதல், நாளொன்றுக்கு 7,500 ரூபாய் வரையுள்ள அறைகளுக்கு வரி 12 விழுக்காட்டிலிருந்து 5 விழுக்காடாகக் குறைக்கப்பட்டிருக்கிறது, பில்லைச் சரிபாருங்கள். அறைக்குள் பெட்டியை வைத்தவுடன் மாடிப்படி எங்கே, இன்னொரு வழி உண்டா என்று பார்த்துவிடுங்கள். 2024 செப்டம்பரில் நம் மதுரைக் கட்ராபாளையத்தில் பெண்கள் விடுதி ஒன்றில் அதிகாலையில் தீப்பற்றி, உறங்கியவர்கள் உயிரிழந்ததை நாம் மறக்கலாகாது. கடலோரத்தில் தங்குவோர் பிள்ளைகளைத் தனியே அலையில் இறங்க விடவேண்டாம். பூங்காக் குளத்தில் காவலர் இருக்கிறார், கடலில் இல்லை.

நாளையும் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். சனி, ஞாயிறுகளில் பூங்காவிலும் கூட்டம், விடுதியிலும் விலையேற்றம். ஞாயிற்றுக்கிழமையும் அங்கேயே இருக்க நேர்ந்தால் கோவளத்தில் கார்மேல் அன்னையின் ஆலயம் இருக்கிறது. திருப்பலி நேரத்தை முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளலாம். இயன்றவர்கள் ஞாயிறு திருப்பலியைச் சொந்தப் பங்கிலேயே கண்டு, திங்கள் காலை வைகையில் ஏறுங்கள். பிற்பகலில் தாம்பரம், மாலைக்குள் அறை, பாட்டிக்கும் குழந்தைக்கும் ஓர் இரவு முழு ஓய்வு. செவ்வாயன்று பூங்கா. புதன் பிற்பகல் அதே வைகை மதுரைக்குத் திரும்புகிறது. ஓரிரவு வாடகை கூடுதலாகும். அதற்காகத் தின்பண்டச் செலவில் கொஞ்சம் குறைத்துக்கொண்டு, புளியோதரைப் பொட்டலத்தை வீட்டிலிருந்தே கட்டிக்கொள்ளுங்கள்.