கிராண்ட் இல்லாத மூன்று தலைமுறை

தென் கெடாவில் வீடு விற்பவர்களுக்குப் பினாங்குத் தீவைவிடப் பெரிய விளம்பரம் தேவையில்லை. தீவில் ஓர் அடுக்குமாடி வீடு வாங்கும் பணத்துக்குச் சுங்கை பட்டாணியிலோ கூலிமிலோ தரை வீடே கிடைக்கும் என்றுதான் விற்பனையாளர் பேச்சைத் தொடங்குகிறார். அதில் பொய்யும் இல்லை. 1985-இல் தீவுக்கு முதல் பாலம், 2014-இல் இரண்டாவது பாலம், பட்டர்வொர்த்துக்கும் பாடாங் பெசாருக்கும் இடையே மின்ரயில் என்று வழிகள் திறக்கத் திறக்க, பினாங்கின் பாயான் லெப்பாசிலும் பிறையிலும் வேலை பார்ப்பவர்கள் கெடாவில் குடியிருந்து போய்வருவது வழக்கமாகிவிட்டது. 1996-இல் கூலிம் உயர் தொழில்நுட்பப் பூங்கா திறந்தபின் வேலையே இந்தப் பக்கம் வந்தது. பின்னாலேயே விலையும் வந்தது.

மாதிரி வீட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு, விலைப் பட்டியலை மடித்து வைத்துக்கொண்டு, ஒன்றிலும் கையெழுத்துப் போடாமல் திரும்புகிற இளம் தம்பதியரில் ரப்பர் தோட்டத்துப் பிள்ளைகளுக்குக் குறைவில்லை. அவர்களில் பலருடைய தாத்தா பாட்டி இதே வட்டாரத்தில்தான் பால் வெட்டினார்கள். கோல மூடா, கூலிம் மாவட்டங்களில் இன்று தாமான்கள் என்னும் குடியிருப்புப் பகுதிகள் நிற்கும் இடங்களில் கணிசமானவை ஒரு காலத்தில் பால்மரக்காடுகள். மரம் சாய்ந்தது, மண் சமமானது, வரிசை வீடுகள் எழும்பின. அந்த மண்ணில் மூன்று தலைமுறை வாழ்ந்த குடும்பம், முதல் வீட்டுக்காக நேற்று வந்த வெளியூர்க்காரரைப் போல விண்ணப்பப் பாரத்தோடு நிற்கிறது.

சம்பளம் குறைவு, விலை அதிகம் என்பது இதற்குப் பாதிப் பதில்தான். அந்தச் சிக்கல் மலேசியர் எல்லாருக்கும் உண்டு. கசானா ஆய்வு நிலையம் 2015-இல் வெளியிட்ட அறிக்கை, நாட்டின் நடுத்தர வீட்டு விலை ஒரு நடுத்தரக் குடும்பத்தின் ஆண்டு வருமானத்தைப்போல் 4.4 மடங்கு என்று கணக்கிட்டது. மூன்று மடங்குக்குள் இருந்தால்தான் கட்டுப்படியாகும் விலை. தோட்டத்துக் குடும்பத்தின் சிக்கல் இதற்கும் முந்தியது. அவர்களுக்கு வீடு வேலையோடு வந்தது. வேலை போனபோது கூடவே போனது. எத்தனை ஆண்டு உழைத்தாலும் அந்த உழைப்பு கிராண்ட் என்னும் நில உரிமைப் பத்திரம் ஒன்றிலும் பெயராக ஏறவில்லை.

1909-இல் சயாமிடமிருந்து பிரிட்டிஷ் ஆதிக்கத்துக்குக் கெடா மாறியதும் ரப்பர் முதலீடு இங்கே வேகம் பிடித்தது. ஹார்வர்ட், டப்ளின், விக்டோரியா, ஹென்ரியட்டா என்று மேல்நாட்டுப் பெயர் தாங்கிய தோட்டங்களுக்குத் தமிழகத்திலிருந்து கங்காணிகள் ஆள் சேர்த்தார்கள். உதவிப் பயணத்தில் கூலிகளை அனுப்புவதை இந்திய அரசு 1938-இல் நிறுத்தும்வரை வருவதும் போவதுமாக இருந்த கூட்டம், பிறகு இங்கேயே தங்கிப் பெருகியது. தங்கிய இடம் லயம். வெட்டுக்குப் பக்கத்திலேயே ஆள் இருக்க வேண்டும், விடியுமுன் பெயர் கொடுக்க வர வேண்டும் என்பதற்காகக் கம்பெனி கட்டிய குடியிருப்பு அது. வாடகை இல்லை என்பதால் சலுகை போலத் தெரிந்தது. உண்மையில் அது சம்பளத்தின் ஒரு பகுதி. கையில் வராத, சேர்த்து வைக்க முடியாத பகுதி.

அதன் விளைவு தெரிவது ஓய்வு பெறும் வயதில். தோட்ட அலுவலகத்திலிருந்து ஒரு கடிதம் வரும்: இத்தனை நாளுக்குள் வீட்டைக் காலி செய்ய வேண்டும். பிள்ளைகளில் ஒருவர் தோட்டத்தில் பெயர் பதிந்திருந்தால் வீடு அவர் பெயரில் தொடரும். அதனால்தான் பள்ளிப் படிப்பை முடித்த மகனைப் பட்டணத்துக்கு அனுப்பாமல் வெளிக்காட்டு வேலைக்குச் சேர்த்துவிட்ட குடும்பங்கள் ஏராளம். அம்மா நட்ட முருங்கையும் அப்பா தன் செலவில் நீட்டிப் போட்ட அடுப்படியும் சிமெண்டுத் தரையும் கம்பெனிச் சொத்தில் சேர்ந்துவிடும். நாற்பது ஆண்டு பராமரித்த வீட்டை விட்டுப் போகும்போது ஒரு வெள்ளி கூடத் திரும்பி வராது. நகரத்தில் ஒரு குமாஸ்தா அதே நாற்பது ஆண்டில் சிறிய வீடொன்றுக்குத் தவணை கட்டி முடித்து, அதை அடமானம் வைத்து மகளைப் படிக்கவைத்திருப்பார்.

இந்த முடிச்சை அவிழ்க்க நடந்த பெரிய முயற்சி ஒன்றின் முதல் களமும் கெடாதான். சுதந்திரத்தை ஒட்டிய ஆண்டுகளில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களை விற்றுவிட்டு வெளியேறின. வாங்கியவர்கள் துண்டு துண்டாக்கி விற்றார்கள். 1951 முதல் 1960 வரை நடந்த இந்தத் துண்டாடலைப் பேராசிரியர் உங்கு அசிஸ் விரிவாக ஆராய்ந்து எழுதியிருக்கிறார். துண்டான தோட்டத்தில் புது முதலாளிக்குப் பழைய ஆள் தேவைப்படவில்லை. வேலையோடு லயமும் பறிபோனது. அப்போதுதான், 1960-இல், அன்றைய அமைச்சர் துன் வீ.தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தோட்டம் தோட்டமாகப் போய்த் தொழிலாளர்களிடம் பத்துப் பத்து வெள்ளியாகத் திரட்டினார். சங்கம் வாங்கிய முதல் தோட்டம் கெடாவின் புக்கிட் சீடிம். பால் வெட்டியவர்களே பங்குதாரர் ஆனார்கள்.

சாதனை பெரியது. ஆனால் சங்கத்தின் உறுப்பினருக்குக் கிடைத்தது தோட்டத்தில் பங்கும் ஆண்டுதோறும் இலாப ஈவும். குடியிருக்கும் வீட்டுக்குத் தனிப்பட்ட உரிமைப் பத்திரம் கிடைக்கவில்லை. வங்கியில் அடமானம் வைக்கவும், பிள்ளைக்கு எழுதி வைக்கவும், தேவைப்பட்டால் விற்றுவிட்டுப் பட்டணத்தில் வேறு வாங்கவும் உதவுவது அந்தப் பத்திரம்தான். அன்றைய அவசரம் வேலையைக் காப்பாற்றுவது. வீட்டுரிமை அடுத்த கட்டம் என்று தள்ளிப்போனது. அந்தக் கட்டம் பெரும்பாலோருக்கு வரவே இல்லை.

சட்டமும் ஏறத்தாழ அதே இடத்தில் நின்றுவிட்டது. 1990-ஆம் ஆண்டின் குறைந்தபட்சத் தொழிலாளர் வீடமைப்புச் சட்டம் குடிநீர், மின்சாரம், பராமரிப்பு என்று நல்ல நிபந்தனைகளை விதித்தது. லயத்தை மேம்படுத்தச் சொன்னது. லயத்தில் இருப்பவரை வீட்டுக்காரர் ஆக்கச் சொல்லவில்லை.

இதற்கிடையே செம்பனை வந்தது. ரப்பரைவிடக் குறைந்த ஆளைக் கொண்டு நடத்தக்கூடிய பயிர். பட்டணத்தை ஒட்டிய தோட்டங்களுக்கு அதைவிட இலாபமான பயிராகக் கட்டடம் வந்தது. 1972-இல் பாயான் லெப்பாஸ் சுதந்திர வாணிப வட்டாரம் பிறந்தபின், தொழிற்சாலைப் பேருந்து தோட்ட வாசலுக்கே வந்து பெண்பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போனது. தமிழ்க் குடும்பங்கள் வெளியேறின, அல்லது வெளியேற்றப்பட்டன. எங்கே போனார்கள்? வாடகை வீட்டுக்கு, புறம்போக்கு நிலத்துக்கு, கொஞ்சம் அதிர்ஷ்டம் இருந்தவர்கள் மலிவு வீட்டுக்கு. 1982 முதல் மலிவு வீட்டின் உச்ச விலை 25,000 வெள்ளி. 1998-இல்தான் அது இடத்துக்கேற்ப 42,000 வரை உயர்த்தப்பட்டது. அந்த ஆண்டுகளில் ஒரு வீட்டைப் பிடித்துக்கொண்டவர்களின் பிள்ளைகள்தாம் இன்று இரண்டாவது வீட்டுக்குப் பேரம் பேசுகிறார்கள். ஆனால் மலிவு வீட்டுக்கும் குடியுரிமையைக் காட்டும் நீல அடையாள அட்டை வேண்டும், விண்ணப்பம் போடத் தெரிந்திருக்க வேண்டும், வருமானச் சான்று வேண்டும். லயத்திலேயே இருந்துவிட்ட குடும்பத்துக்கு ‘வீடுதான் இருக்கிறதே’ என்று அவசரமே தோன்றவில்லை.

இப்போது இன்றைய கணக்குக்கு வருவோம். மூன்று இலட்சம் வெள்ளி வீடு ஒன்றை எடுத்துக்கொண்டால், பத்து விழுக்காடு முன்பணம் 30,000. மீதிக்கு 35 ஆண்டு, நாலு விழுக்காடு வட்டி என்றால் மாதத் தவணை ஏறத்தாழ 1,195 வெள்ளி. 2025-இல் குறைந்தபட்சச் சம்பளம் 1,700. சேமநிதிக்குப் பிடித்தது போகக் கையில் 1,513. ஒருவர் சம்பளத்தில் ஐந்தில் நாலு பங்கு தவணைக்கே போய்விடும். கணவன் மனைவி இருவரும் சம்பாதித்தால் தவணை நாற்பது விழுக்காட்டுக்குள் அடங்குகிறது. அதாவது மாதத் தவணையை எப்படியோ கட்டிவிடலாம். இடிப்பது முன்பணம்.

முன்பணத்துக்குச் சேமநிதியைத்தான் எல்லாரும் நம்புகிறார்கள். 1,700 வெள்ளி சம்பளத்துக்குத் தொழிலாளி 11, முதலாளி 13 விழுக்காடு சேர்த்து மாதம் 408 வெள்ளி கணக்கில் ஏறும். 2024 மே வரை இதில் 30 விழுக்காடு, அதாவது 122 வெள்ளி, வீட்டுக்கு எடுக்கக்கூடிய இரண்டாம் கணக்குக்குப் போனது. மூன்று கணக்கு முறை வந்தபின் ‘செஜாத்ரா’ கணக்குக்குப் போவது 15 விழுக்காடு: 61 வெள்ளி. இலாப ஈவைத் தள்ளிவிட்டுப் பார்த்தால் 30,000 சேர ஏறத்தாழ 41 ஆண்டு ஆகும். பழைய முறையில் 20 ஆண்டு. நெகிழ்வுக் கணக்கில் இன்னும் பத்து விழுக்காடு இருக்கிறது. ஆனால் எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம் என்ற பணம், மோட்டார் சைக்கிள் பழுதுக்கும் பள்ளி திறக்கிற மாதத்துக்கும்தான் போகும். பெற்றோருக்கு ஒரு வீடு இருந்தால் இந்த முன்பணம் குடும்பத்துக்குள்ளேயே புரண்டுவிடும். லயத்திலிருந்து வந்த பெற்றோரிடம் புரட்ட எதுவும் இல்லை.

வங்கி மேசையில் இன்னொரு தடை. “மூணு மாசப் பே ஸ்லிப் இருக்காண்ணே?” என்ற கேள்விக்கு லோரி ஓட்டுபவரும் சாப்பாட்டுக் கடை நடத்துபவரும் ஒப்பந்தக் காவலாளியும் பதில் சொல்ல முடிவதில்லை. நிலையான சம்பளச் சீட்டு இல்லாதவர்களுக்குக் கடன் உத்தரவாதம் தரத்தான் 2008-இல் எஸ்.ஜே.கே.பி. என்ற அரசு நிறுவனம் தொடங்கப்பட்டது. முதல் வீடு வாங்குவோருக்கு முழு விலையும் கடனாகத் தரும் ‘ருமா பெர்தாமாக்கு’ திட்டம் 2011-இல் வந்தது. திட்டங்கள் இருப்பதே தெரியாமல், பழைய மோட்டார் சைக்கிள் கடன் பாக்கி சி.டி.ஓ.எஸ். கடன் தகவல் அறிக்கையில் கிடப்பதும் தெரியாமல், ஒரே மறுப்பில் மனம் விட்டுப்போகிறவர்கள் அதிகம்.

பட்டணம் வேண்டாம், கம்பத்தில் மலிவாக ஒரு துண்டு நிலம் வாங்கி வீடு கட்டலாமே என்று கேட்கலாம். 1931-ஆம் ஆண்டின் கெடா மலாய் ஒதுக்கீட்டு நிலச் சட்டம் அங்கே குறுக்கே நிற்கிறது. ஒதுக்கீட்டு நிலத்தைத் தமிழர் வாங்க இயலாது. மாநிலத்தின் கிராமப்புற நிலத்தில் பெரும்பகுதி இந்த வகை. அதனால் தோட்டத்தை விட்டு இறங்கிய தமிழ்க் குடும்பம், விலை ஏறும் தாமான்களுக்குள்ளேயே போட்டி போட வேண்டியிருக்கிறது.

பத்திரம் இல்லாத குடியிருப்பு எப்படி முடியும் என்பதற்குப் பக்கத்து மாநிலம் ஒரு பாடம். பினாங்கு குளுகோரில் கம்போங் புவா பாலா, மாடு வளர்த்துத் தலைமுறை தலைமுறையாகத் தமிழர் வாழ்ந்த இடம். கையில் இருந்தது தற்காலிகக் குடியிருப்பு அனுமதி மட்டும். 2009 ஜூனில் கூட்டரசு நீதிமன்றம் அவர்களுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. அதே ஆண்டு கிராமம் இடிக்கப்பட்டது. அரசியல் சூடு இருந்ததால் சிலருக்கு மாற்று வீடு கிடைத்தது. சிலாங்கூரில் பெஸ்தாரி ஜெயாவை ஒட்டிய ஐந்து தோட்டங்களின் முன்னாள் தொழிலாளர்களுக்கு 245 வீடுகள் என்ற முடிவு எட்டவும் பல்லாண்டுப் போராட்டம் தேவைப்பட்டது.

எதிர்வாதங்களைத் தள்ளிவிடக் கூடாது. சொந்த முயற்சியில் தாதியாகவும் ஆசிரியராகவும் தொழில்நுட்பராகவும் ஆகித் தாமானில் வீடு வாங்கிய தோட்டத்துப் பிள்ளைகள் கெடாவில் ஆயிரக்கணக்கில் உண்டு. தோட்டத்திலேயே வீடு கொடுத்திருந்தால் அவர்கள் அங்கேயே முடங்கியிருப்பார்கள் என்பவர்களும் உண்டு. இன்று வெட்டில் நிற்பவர்களில் மிகுதியானவர்கள் இந்தோனேசியரும் வங்காளதேசிகளும்தானே, வீடு யாருக்கு என்று கம்பெனிகள் கேட்கின்றன. ஆனால் சொந்த வீடு ஒருவரைக் கட்டிப்போடுவதில்லை. விற்கவும் வாடகைக்கு விடவும் உரிமை தருகிறது. கட்டிப்போட்டது லயம்தான். வெளிநாட்டுத் தொழிலாளரைக் காட்டி, முப்பது ஆண்டு உழைத்து ஓய்வு பெற்ற உள்நாட்டுத் தொழிலாளரின் கணக்கை மூடிவிடவும் முடியாது.

புதிதாகச் சட்டம் தேடவும் வேண்டியதில்லை. தேசிய நிலச் சட்டத் தொகுப்பின் 214ஏ பிரிவுப்படி, தோட்ட நிலம் கைமாறுவதற்குத் தோட்ட நில வாரியத்தின் அனுமதி வேண்டும். விவசாய நிலத்தைக் கட்டட நிலமாக மாற்ற 124-ஆம் பிரிவுப்படி மாநில அரசு ஒப்புக்கொள்ள வேண்டும். நிலத்தின் மதிப்பு ஒரே நாளில் பன்மடங்கு ஏறுவது இந்த இரண்டு கையெழுத்துகளில்தான். அப்படி ஏறும் மதிப்பில் ஒரு பங்கை, அந்தத் தோட்டத்தில் குறிப்பிட்ட ஆண்டுகள் உழைத்தவர்களின் பெயர்ப் பட்டியலோடு இணைத்து, கட்டுப்படியாகும் விலையில் வீடாகத் தர வேண்டும் என்று நிபந்தனை போட அலோர் ஸ்டாரில் உள்ள கெடா மாநில அரசுக்கு அதிகாரம் இருக்கிறது. இருவர் குறைந்தபட்சச் சம்பளம் வாங்கும் குடும்பத்தின் ஆண்டு வருமானம் 40,800. மூன்று மடங்குக் கணக்கில் அந்த விலை 1,22,400 வெள்ளியைத் தாண்டக் கூடாது. பெயர்ப் பட்டியல் தோட்ட அலுவலகச் சம்பளப் பதிவேட்டிலும் சேமநிதி வாரியக் கணக்கிலும் இருக்கிறது. நிலம் விற்ற பிறகு அந்தப் பதிவேட்டைத் தேடிப் பயனில்லை. கைமாற்ற விண்ணப்பம் மேசைக்கு வரும்போதே தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கமும் வட்டாரச் சட்டமன்ற உறுப்பினர்களும் அதைக் கேட்டு வாங்கி வைக்க வேண்டும்.