டிஸ்க் சத்தம் போட்டால் முதலில் கையைக் கட்டிக் கொள்ளுங்கள்!

புதிய கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் என்னிடம் ரேம் போதுமா, வேகம் போதுமா என்று கேட்பார்கள். பழைய கம்ப்யூட்டரில் இருந்த இமெயில்களை என்ன செய்தீர்கள் என்று நான் திருப்பிக் கேட்டால் சிரிப்பார்கள். "இமெயில்தானே சார், அது இன்டர்நெட்டில் இருக்குமே!" என்பதுதான் பலருடைய பதில். இந்தப் பதில் பாதிதான் சரி. மீதிப் பாதியின் விலை என்ன என்பதைச் சில மாதங்களுக்கு முன் மாமல்லபுரத்தில் பார்த்தேன்.

நான் இருப்பது செங்கல்பட்டில். மாமல்லபுரத்தில் சிற்பக் கூடம் நடத்தும் ஒரு பெண்மணி போன் செய்தார். அவருடைய அப்பா ஸ்தபதி, இப்போது இல்லை. 2005 முதல் வெளிநாட்டுக் கோயில்காரர்களுக்கு அவர் சொல்லச் சொல்ல, மகள் இமெயிலாக டைப் செய்து அனுப்பியிருக்கிறார். எந்தக் கல், என்ன அளவு, ஏன் அந்த அளவு என்ற விளக்கமெல்லாம் அந்தக் கடிதங்களில்தான் இருந்தன. நோட்டுப் புத்தகத்தில் எதுவும் எழுதி வைக்கவில்லை. பல வருடம் பரணில் கிடந்த அந்தக் கம்ப்யூட்டரை இறக்கி ஆன் செய்தால், ஹார்ட் டிஸ்க்கிலிருந்து டிக் டிக் என்று சத்தம்.

இமெயில் இன்டர்நெட்டில் இருக்காதா? அந்தக் கம்ப்யூட்டரில் இருந்தது விண்டோஸ் எக்ஸ்பி. மெயில் பார்த்தது அவுட்லுக் எக்ஸ்பிரஸ் புரோகிராமில். பிஓபி என்ற முறையில் அது சர்வரிலிருந்து மெயிலை இறக்கிக் கொள்ளும். சர்வரில் ஒரு காப்பி வைக்கச் சொல்லி நாமாக டிக் செய்திருந்தால் ஒழிய, இறக்கியதும் அங்கே அழித்துவிடும். ஆக, அப்பாவின் கடிதங்கள் உலகத்தில் எங்கோ பத்திரமாக இருப்பதாக மகள் நினைத்திருந்தார். அவருடைய பிரதி இருந்தது அந்த 40 ஜிபி டிஸ்க்கில் மட்டும்தான்.

நான் போவதற்குள் இரண்டு காரியங்கள் நடந்துவிட்டன. முதலில், உறவுக்காரப் பையன் ஒருவர் 'மை டாகுமெண்ட்ஸ்' போல்டரை பென் டிரைவில் காப்பி செய்து, எல்லாம் வந்துவிட்டது என்று சொல்லியிருக்கிறார். அதில் ஒரு மெயில் கூட இல்லை. அவுட்லுக் எக்ஸ்பிரஸ் தன் மெயில்களை டிபிஎக்ஸ் என்று முடியும் பைல்களில், சாதாரணமாகக் கண்ணில் படாத ஒரு மறைவான போல்டரில் வைக்கும். இன்பாக்ஸுக்கு ஒரு பைல், அனுப்பியவற்றுக்கு ஒரு பைல் என்று தனித்தனியாக இருக்கும்.

இரண்டாவது காரியம்தான் பெரிய கெடுதல். சத்தம் போடும் டிஸ்க்கைச் சரி செய்ய, இரவு முழுவதும் 'செக் டிஸ்க்' ஓட விட்டிருக்கிறார். நல்ல எண்ணம்தான்; நானும் ஒரு காலத்தில் இதையே செய்து என் மெயில்களை இழந்திருக்கிறேன். செக் டிஸ்க் டிஸ்க்கின் கணக்கு வழக்கைச் சரி செய்யும் புரோகிராம். உங்கள் பைலைக் காப்பாற்றுவது அதன் வேலை அல்ல. டிஸ்க் முழுவதையும் படிக்கும், அதன் மேலேயே எழுதவும் செய்யும். மூச்சு வாங்கிக் கொண்டிருப்பவரை மலை ஏறச் சொல்வது போன்றது இது.

கல்வெட்டு ஆய்வாளர்கள் வேலை செய்வதைப் பார்த்திருக்கிறீர்களா? கல்லின் மேல் ஈரத்தாளை ஒட்டி, மை ஒற்றிப் படியெடுப்பார்கள். பிறகு அந்தப் படியை வைத்துத்தான் நிதானமாகப் படிப்பார்கள். பழுதான டிஸ்க்குக்கும் இதுதான் முறை. முதலில் படி, படிப்பதும் பழுது பார்ப்பதும் அந்தப் படியில்.

டிஸ்க்கைக் கழற்றி யுஎஸ்பி அடாப்டரில் மாட்டினேன். லினக்ஸில் ஜிஎன்யு டிடிரெஸ்க்யூ என்ற இலவச புரோகிராம் உண்டு. நல்ல பகுதிகளை முதலில் வேகமாக எடுத்துக் கொண்டு, கெட்ட பகுதிகளைக் கடைசியில் முயற்சி செய்யும். எங்கே விட்டது என்று குறித்தும் வைத்துக் கொள்ளும். இரண்டு நாட்கள் ஆயின. இன்பாக்ஸ் பைல் முழுதாக வந்தது. அனுப்பிய மெயில்களின் பைல் பாதிக்கு மேல் போய்விட்டது. அதாவது, மற்றவர்கள் எழுதியவை பிழைத்தன. அப்பா சொன்னவை போய்விட்டன.

அந்த அம்மா ஒன்றும் பேசவில்லை. பிறகு இன்பாக்ஸைத் திறந்து பார்த்தபோதுதான் கவனித்தோம். பதில் எழுதியவர்களில் பலர், அப்பாவின் மெயிலை அப்படியே கீழே விட்டுவிட்டுப் பதில் எழுதியிருந்தார்கள். ஒவ்வொன்றாகக் கீழே இறங்கிப் பார்த்தால் அவருடைய விளக்கங்கள்! எல்லாம் கிடைக்கவில்லை. மீதியை, பழைய வாடிக்கையாளர்களிடம் கேட்டுத் திருப்பி அனுப்பச் சொல்லி வருகிறார்.

இதற்குக் கடற்காற்றைக் குறை சொல்கிறவர்கள் உண்டு. உப்புக்காற்று கனெக்டர்களை அரிக்கும் என்பது உண்மை. 2022 டிசம்பரில் மாண்டஸ் புயல் மாமல்லபுரம் அருகேதான் கரை கடந்தது. அது போன்ற நாட்களில் மின்சாரம் போய்ப் போய் வருவதும் டிஸ்க்குக்கு நல்லதல்ல. ஆனால் காற்றுப் படாத ஊரிலும் டிஸ்க் ஒரு நாள் சாகும். என் கருத்தில், ஒரே ஒரு பிரதியை வைத்திருந்ததுதான் தவறு. அதைப் பெரிதாக்கியது அவசரம்.

எனவே சத்தம் வந்தாலோ, பைல் திறக்க வெகு நேரம் ஆனாலோ கம்ப்யூட்டரை அணைத்துவிடுங்கள். மீட்கும் புரோகிராம் எதையும் அதே டிஸ்க்கில் பதியாதீர்கள். டிஸ்க்கைத் திறக்காதீர்கள், யாரோ சொன்னார்கள் என்று பிரிட்ஜில் வைக்காதீர்கள். கம்ப்யூட்டருக்கு டிஸ்க் தெரிகிறது என்றால், பாட்டையும் படத்தையும் விட்டுவிட்டு முதலில் மெயில் பைலை எடுங்கள். தெரியவே இல்லை என்றால், தூசு புகாத அறை வைத்திருக்கும் டேட்டா மீட்பு நிபுணரிடம் போக வேண்டும். செலவு அதிகம், அந்த மெயிலின் மதிப்பை நீங்கள்தான் தீர்மானிக்க வேண்டும்.

இப்போது எல்லாம் ஜிமெயில்தானே என்கிறீர்களா? அங்கே டிஸ்க் கவலை குறைவுதான். ஆனால் இரண்டு ஆண்டு பயன்படுத்தாத தனிநபர் கணக்குகளை அழிக்கும் நடைமுறையை 2023 டிசம்பரில் கூகுள் தொடங்கியது. பாஸ்வேர்டு மறந்தாலும் கதவு மூடியதுதான். கூகுள் டேக்அவுட் மூலம் மெயில் முழுவதையும் ஒரு பைலாக இறக்கிக் கொள்ளலாம். புதிய கம்ப்யூட்டர்களில் உள்ள எஸ்எஸ்டி, டிக் டிக் என்று எச்சரிக்கக் கூடச் செய்யாது. பல நேரம் சொல்லாமல் போய்விடும்.

மாமல்லபுரத்துக்கு வடக்கே சாளுவன்குப்பத்தில் பல்லவர் காலத்து அதிரணசண்டக் குடைவரை இருக்கிறது. அங்கே ஒரே சுலோகங்களை ஒரு சுவரில் கிரந்தத்திலும் எதிர்ச் சுவரில் நாகரியிலும் வெட்டியிருக்கிறார்கள். பல்லவர்கள் பேக்கப் எடுத்தார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் ஒரு சுவர் சிதைந்தாலும் இன்னொன்றில் படிக்கலாம். கல்லுக்கே இரண்டு பிரதி இருக்கும்போது, சுழலும் தகட்டை மட்டும் நாம் ஏன் நம்ப வேண்டும்?

இந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். பரணில் பழைய கம்ப்யூட்டர் இருந்தால் இறக்குங்கள். ஆன் செய்வதற்கு முன், காப்பி எடுக்க வேறொரு டிஸ்க்கைக் கையில் தயாராக வைத்துக் கொள்ளுங்கள்.