பதினெட்டு ஆண்டு அசைவு

1983-இல் வானியலாளர் மார்க் ஆரன்சன் டிராக்கோ என்னும் குறு விண்மீன் மண்டலத்தில் மூன்றே மூன்று விண்மீன்களின் வேகத்தை அளந்து, அங்கே தெரியும் ஒளிக்குப் பொருந்தாத அளவு நிறை ஒளிந்திருக்கிறது என்றார். மூன்றை நம்பி இவ்வளவு பெரிய முடிவா என்ற தயக்கம் இருந்தது. பின்னர் நூற்றுக்கணக்கில் அளந்தபோதும் அவர் கூற்றே நின்றது. ஆனால் கரும்பொருள் எனப்படும் அந்த ஒளிந்த நிறை நடுவில் குவிந்திருக்கிறதா, பரவிக் கிடக்கிறதா? கணித மாதிரிகள் திணறியது இங்கேதான். விண்மீன் நம்மை நோக்கி வருகிறதா, விலகுகிறதா என்பதைத்தான் நிறமாலை சொல்லும்; பக்கவாட்டு அசைவு தெரியாவிட்டால் ஒரே தரவுக்கு இரண்டு விடையுமே பொருந்திவிடும். டிராக்கோவோ ஏறக்குறைய 2.5 லட்சம் ஒளியாண்டு தொலைவில் இருக்கிறது; அங்கிருந்து பக்கவாட்டு அசைவு மிக நுண்ணியதாகவே தெரியும். ஹபிள் தொலைநோக்கி 18 ஆண்டு இடைவெளியில் எடுத்த படங்களை ஒப்பிட்டுத்தான் ஆய்வாளர்கள் அந்த நுண்ணசைவைப் பிடித்தார்கள். 2024-இல் வெளியான அந்த ஆய்வு, நடுவில் குவிந்திருக்கிறது என்ற பக்கமே சாய்ந்தது. புதிய கணிப்பு முறைகளுக்குக் கிடைக்கும் கைதட்டலில் பாதிகூட இந்தப் பழைய படங்களுக்குக் கிடைப்பதில்லை. அது எனக்குப் பெருங்குறை. தொலைநோக்கி நேரத்தைப் பங்கிடுவோர், உடனே விடை தராத இத்தகைய நீண்டகால அளவீடுகளுக்கும் தயங்காமல் இடம் ஒதுக்க வேண்டும்.