பழைய இணையப் பக்கங்களைப் பேணல்

பனையோலைச் சுவடி, பேணுவாரற்றுக் கிடப்பினும், நூறு இருநூறு ஆண்டுகள் தன்னைத் தேடி வருவோர்க்காகக் காத்திருக்கும். டாக்டர் உ. வே. சாமிநாதையரவர்கள் 1887-இல் சீவகசிந்தாமணியைப் பதிப்பித்தது அவ்வாறு காத்திருந்த ஏடுகளைக் கொண்டேயாம். இணையப் பக்கத்திற்கோ அத்தகைய பொறுமை இல்லை. அஃது உறையும் கணினிக்குப் பொருள் செலவிடுவோர் கைவிட்ட அன்றே மறைந்தொழியும். செல்லரித்த ஏட்டிற் பாதிச் செய்யுளேனும் எஞ்சும். இங்கே அதுவும் இல்லை.

ஜியோசிட்டீஸ் என்னும் தளத்தின் வரலாறு இதற்குத் தக்க சான்றாகும். 1994-இல் அமெரிக்காவில் தோன்றிய அந்நிறுவனம், எவரும் கட்டணமின்றித் தமக்கென ஒரு பக்கம் அமைத்துக்கொள்ள இடமளித்தது. நகரத்துப் பேட்டைகளைப் போல அத்தளம் பகுக்கப்பட்டிருந்தது: அறிவியற் புனைகதைப் பிரியர்க்கு ஏரியா 51, ஜப்பானியச் சித்திரப் படங்களில் ஈடுபட்டோர்க்கு டோக்கியோ, இவ்வாறு பல. அங்கே ரசிகர்கள் தாம் விரும்பிய கதைமாந்தரைக் கொண்டு புதுக்கதை புனைந்தனர், படம் வரைந்தனர், கண் கூசும் வண்ணங்களைக் குழைத்துப் பூசினர். (அழகுணர்ச்சி மிக்கவை என்று அவற்றை நான் புகழ மாட்டேன்.) 1999-இல் அத்தளத்தை வாங்கிய யாஹூ நிறுவனம், 2009 அக்டோபர் 26-ஆம் நாள் அதனை மூடிற்று. மூடுமுன் இன்டர்நெட் ஆர்க்கைவ் என்னும் காப்பகத்தாரும், ஆர்க்கைவ் டீம் என்னும் தன்னார்வலர் குழுவினரும் இயன்றவரை படியெடுத்தனர். அக்குழுவினர் 2010-இல் வெளியிட்ட தொகுதி ஏறத்தாழ 640 ஜிகாபைட் அளவினது. எவர் கையிலும் அகப்படாதவை போயின.

"பொழுதுபோக்குக் குப்பை போனால் என்ன?" என்பார் உளர். நம் நாட்டிலும் இவ்வாறு கூறினோர் உண்டு. சந்தையிலும் தெருமுனையிலும் சிறு காசுக்கு விற்ற பாட்டுப் புத்தகங்களைப் புலவர் பலர் தீண்டவும் கூசினர். கோட்டையூர் ரோஜா முத்தையா அவர்களோ அத்தகையவற்றையும் நாடக விளம்பரத் தாள்களையும் சளையாது திரட்டி வைத்தார். இன்று ஆராய்ச்சியாளர், சென்னையில் அவர் பெயரால் விளங்கும் நூலகத்தை நாடிச் சென்று, அவற்றைக் கொண்டே அக்காலத்துப் பொதுமக்கள் விருப்பையும் பேச்சையும் அறிகின்றனர். ஒன்று குப்பையோ செல்வமோ என்பதை அது பிறந்த தலைமுறையே தீர்த்துவிடல் தகாது என்பது என் துணிபு.

இனி, தமிழ் பயிலும் நாம் சிறப்பாக ஊன்றி நோக்க வேண்டுவதொன்று உண்டு. யூனிகோடு பரவுமுன், தமிழ்ப் பக்கங்கள் திஸ்கி, டாம், டாப் முதலிய பல்வேறு குறியீட்டு முறைகளில் எழுதப்பட்டன. இவற்றுள் அடங்காத எழுத்துருக்களும் பல. உரிய எழுத்துரு இல்லாத கணினியில் அப்பக்கத்தைத் திறப்பின், பொருளற்ற ரோமன் எழுத்துக்களும் குறிகளுமே நிரல்பட நிற்கும். பக்கம் பிழைத்தும் ஊமையாயிற்று. ஆதலின் பக்கத்தை மட்டும் படியெடுத்து மனநிறைவு கொள்வது வீண். அதற்குரிய எழுத்துருவையும், யூனிகோடுக்கு மாற்றும் கருவியையும் உடன்சேர்த்துக் காத்தல் வேண்டும்.

எதிர்வாதம் ஒன்றை மட்டும் நான் மதிக்கிறேன். பதினைந்து வயதில் எழுதியதை ஐம்பது வயதிற் பிறர் படிப்பதை ஒருவர் விரும்பாதிருக்கலாம். ரசிகர் படைப்புக்களுக்கென 2009 முதல் நடந்துவரும் 'ஆர்க்கைவ் ஆஃப் அவர் ஓன்' என்னும் காப்பகம் இதற்கு நல்வழி கண்டுளது. எழுதியவர் தம் பெயரை மட்டும் நீக்கிப் படைப்பை விட்டுச் செல்லலாம். முற்றும் அழிக்கவும் அவர்க்கு உரிமை உண்டு. ஆக்கியோன் அழிப்பது வேறு; வாணிகக் கணக்கு அழிப்பது வேறு.

நம் தமிழ்த்துறை செய்யத்தக்க சிறு பணியும் உளது. 1990-களிலும் அதனை அடுத்தும் இங்குப் பயின்ற பழைய மாணவர்தம் வீட்டுப் பெட்டிகளில், அக்காலத்து எழுத்துருக்கள் அடங்கிய ஃபிளாப்பிகளும் குறுந்தகடுகளும் கிடத்தல் கூடும். எறியுமுன் அவற்றை நூலகத்திற்கு அனுப்புவார்களாக. ஃபிளாப்பியைப் படிக்கும் கருவி இன்றும் விலைக்குக் கிடைக்கின்றது.