ஞாயிறு நுட்பம் - 14: ஃபிரிட்ஜுல யாரோட பால்?

போன ஞாயிறு பதிவு வரலை. காரணம் இருக்கு. புதன் ராத்திரி என் தீசிஸ் பரிசோதனை செத்துப்போச்சு. பதினோரு மணி நேரம் ஓடின பைத்தான். படுக்கப் போறப்பவே மவுஸ் நொண்டி நொண்டித்தான் நகர்ந்துச்சு, நான்தான் கண்டுக்கலை. காலையில பார்த்தா பிரவுசர் நாப்பது டேபோட ஜம்முனு உட்கார்ந்திருக்கு, பைத்தானைக் காணோம். மெமரி தீர்ந்துபோச்சு, அதான் கொன்னுட்டேன்னு கெர்னல் லாக்ல எழுதி வெச்சிருக்கு. செவ்வாய்க்கிழமை புரொபசரைப் பார்க்கணும், கையில ஒரு கிராஃப் கூட இல்லை.

ஏன் பைத்தான்? இருக்கறதுலேயே அதிக மெமரி வெச்சிருந்த ஒத்தை ப்ராசஸ் அதுதான். பிரவுசரும் கம்மியில்லை, ஆனா அது முப்பது ப்ராசஸா பிரிஞ்சு நிக்குது. தனித்தனியா பார்த்தா எல்லாம் பூனைக்குட்டி!

இதை எங்க ஹரோ வீட்டு ஃபிரிட்ஜை வெச்சுச் சொல்றேன். அஞ்சு பேருக்கு ஒரு ஃபிரிட்ஜ். போன மாசம் இடம் இல்லாம பக்கத்து ரூம் யாழ்ப்பாணத்து அண்ணா வந்து சொன்னார்: "தம்பி, உங்கட பாலை எடுத்து ஊத்திப்போட்டன், குறை நினையாதேங்கோ. அது கடையில வாங்கலாம். அம்மா அனுப்பின தொக்கில கை வைக்கேல்லை."

கெர்னல் செய்யறதும் அச்சு அசலா இதேதான். மெமரியை 4 கேபி பக்கங்களா வெச்சிருக்கும். ஃபைல்ல இருந்து படிச்ச பக்கம்னா பால் மாதிரி, தூக்கிப் போடலாம், வேணும்னா டிஸ்க்ல இருந்து திரும்பப் படிச்சுக்கலாம். ப்ரோகிராம் தானா கணக்குப் போட்டு உருவாக்கின பக்கம் இருக்கே, அது அம்மா தொக்கு. வேற எங்கேயும் காப்பி கிடையாது. ஸ்வாப்ல எழுதி வெச்சாத்தான் இடம் கிடைக்கும். நான் என்ன பண்ணியிருந்தேன்? எஸ்.எஸ்.டி. தேயும்னு எவனோ சொன்னதைக் கேட்டு ஸ்வாப்பையே ஆஃப் பண்ணி வெச்சிருந்தேன். (அடிக்காதீங்க.) அப்போ கெர்னலுக்குக் கிடைக்கறது பால் மட்டும்தான். ஓடிட்டிருக்கிற ப்ரோகிராமோட கோடும் ஃபைல்ல இருந்து வந்ததுதானே, அதையும் தூக்கிப் போடும், அடுத்த நொடியே திரும்பப் படிக்கும். மவுஸ் நொண்டினது அதனாலதான்.

சரி, பிரவுசர் தின்னா பைத்தான் ஏன் சாகணும்? 2008 வரைக்கும் லினக்ஸ்ல இதுக்கு நல்ல பதில் கிடையாது. எந்தப் பக்கம் பழசுன்னு பார்க்கற வரிசை மெஷினுக்கே பொது. ஒருத்தன் பேராசைக்கு அடுத்தவன் பக்கம் போகும். கூகிள்ல பால் மெனேஜும் ரோஹித் சேத்தும் 2006-ல ஆரம்பிச்ச சிகுரூப், ப்ராசஸ்களைக் குழுவா கட்டற வசதி, 2008 ஜனவரியில 2.6.24-ல வந்துச்சு. அது மேல மெமரி கன்ட்ரோலரை எழுதினது நம்ம ஐ.பி.எம். இந்தியாவுல இருந்த பல்பீர் சிங். 2007-ல ஒட்டாவா லினக்ஸ் மாநாட்டுல இதோட சிக்கல்கள் பத்தி அவரும் வைத்தியநாதன் ஸ்ரீனிவாசனும் கட்டுரை கொடுத்தாங்க. 2008 ஏப்ரல்ல 2.6.25-ல சேர்ந்தது. அந்த ஃபைலை இன்னைக்குத் திறந்தாலும் தலையில பல்பீர் பேரும், ஓபன்விஸெட் பாவெல் எமிலியானோவ் பேரும் இருக்கும்.

எல்லை வைக்கிறது சுலபம். எல்லையைத் தொட்டா யார்கிட்ட இருந்து எடுக்கறதுங்கறதுதான் கஷ்டம். பதில், குழுவுக்குக் குழு தனி வரிசை. பிரவுசர் குழு எல்லை தாண்டினா பிரவுசரோட பழைய பக்கங்களைத்தான் பிடுங்கணும். ஆரம்பத்துல ஒவ்வொரு பக்கமும் பொது வரிசையிலயும் குழு வரிசையிலயும் ரெண்டு இடத்துல தொங்கிட்டிருந்துச்சு, வீண் சுமை. 2012-ல 3.3-ல ஜொஹானஸ் வைனர் அதை ஒண்ணாக்கினார். ரெண்டு குழு ஒரே பக்கத்தைப் பயன்படுத்தினா? முதல்ல தொட்டவன் கணக்குல பத்து. எங்க வீட்டு கெச்சப் பாட்டில் மாதிரி. வாங்கினது நான், தின்னது ஊரு.

எனக்குப் பிடிச்சது 2016-ல 4.5-ல வந்த ரெண்டாம் பதிப்பு. அதுல மெமரி.மேக்ஸ் தாண்டினா, பிடுங்க ஒண்ணும் இல்லைன்னா, அந்தக் குழுவுக்குள்ளேயே ஒருத்தனைக் கொல்லும். மெமரி.ஹை தாண்டினா கொலை கிடையாது. பிரேக் போட்டு, உன் பக்கங்களை நீயே தேடிக் காலி பண்ணுன்னு விடும். 2018-ல 4.19-ல மெமரி.ஓஓஎம்.குரூப்னு ஒண்ணு சேர்ந்துச்சு. செத்தா குழுவே மொத்தமா சாகட்டும்ங்கறது அது. பாதி செத்த குழுவை வெச்சு என்ன பண்றது, நியாயம்தானே.

வியாழக்கிழமை 4 ஜிபி ஸ்வாப் போட்டேன். பிரவுசரை சிஸ்டம்டி-ரன் வழியா 2 ஜிபி மெமரி.ஹை கூண்டுல அடைச்சேன். முந்தாநாள் சாயங்காலம் திரும்ப ஓட்டினேன். பதினோரு மணி நேரம் தாண்டி, பதினாலாவதுல முடிஞ்சது, கிராஃப் வந்தாச்சு. பிரவுசர்ல ஒரு டேப் திறக்க டீ போட்டுட்டு வரலாம். இந்தப் பதிவையே அதுலதான் தட்டிட்டிருக்கேன், எழுத்து ஒவ்வொண்ணா வந்து விழுது :-)

அடுத்த ஞாயிறு ஸ்வாப்பினஸ் பத்தி. அண்ணா எனக்குப் புதுப் பால் வாங்கி வெச்சிருக்கார்.