தீர்ப்புக்குப் பிறகும்



கலெக்டர் ஆபீஸ் வாசலில் நின்று கோஷம் போட்டால் பாலாறு சுத்தமாகிவிடுமா? வேலூர், ஆம்பூர் பக்கத்து வாசகர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. அந்த அலுப்பில் நியாயம் இருக்கிறது.

தோல் பதனிடும் ஷாப்புகளின் கழிவுநீர் பாலாற்றிலும் கிணறுகளிலும் இறங்கி, சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் பாதியாகவோ முழுதாகவோ பாழானது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் வழக்குப் போட்டது. மாசுபடுத்தியவரே ஈடுகட்ட வேண்டும் என்று 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் சொன்னது. சட்டக் கல்லூரிகளில் இன்றும் பாடமாக இருக்கும் தீர்ப்பு. 2001இல் 29 ஆயிரத்துக்கும் மேற்பட்டோருக்குச் சுமார் 27 கோடி ரூபாய் இழப்பீடு நிர்ணயமானது. பங்கிட்டால் தலைக்குப் பத்தாயிரம்கூடத் தேறாது. அதையும் கொடுத்து முடிக்கச் சொல்லி, 2025 ஜனவரி 30 அன்று அதே உச்ச நீதிமன்றம் மறுபடி உத்தரவிட வேண்டியிருந்தது.

அதனால்தான் ஆர்ப்பாட்டம் வேண்டும் என்கிறேன். வழக்கில் ஜெயித்ததும் கூட்டம் கலைந்துவிட்டால் தீர்ப்பு அலமாரிக்குப் போய்விடுகிறது. அதை வெளியே எடுக்க வைப்பவர்கள், மனுவோடு திரும்பத் திரும்ப வந்து நிற்கும் விவசாயிகள்தான்.

இந்த ஊர்களில் அப்படி நிற்பது சுலபமில்லை என்பதும் தெரியும். அப்பாவின் தென்னந்தோப்பு கருகியிருக்கும். மகள் ஷூ கம்பெனிக்கு வேலைக்குப் போவாள். 'ஷாப்பை மூடு' என்ற கோஷம் அந்த வீட்டையே இரண்டாக்கும். ஆனால் 2015 ஜனவரி 31 அன்று ராணிப்பேட்டையில் தோல் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தின் கழிவுத் தொட்டி உடைந்தபோது, சேற்றில் மூழ்கி இறந்த 10 பேரும் தொழிலாளர்கள். கழிவை ஒழுங்காகக் கையாளச் சொல்வது விவசாயிக்கு மட்டும் உரிய கோரிக்கை இல்லை. இரு தரப்பும் ஒரே பந்தலில் உட்கார இடமிருக்கிறது.

பஸ்ஸை மறித்து, போட்டோ எடுத்துக்கொண்டு கலையும் கூட்டங்களில் எனக்கு நம்பிக்கையில்லை. யாருக்கு இழப்பீடு பாக்கி, எந்த நிலையம் அளவுக்கு மீறிக் கழிவை விடுகிறது, எந்தத் தேதிக்குள் சரிசெய்வீர்கள் என்று கேட்கும் ஐம்பது பேருக்கு அதிகாரிகள் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும்.

உங்கள் ஊரில் இழப்பீடு வராதவர்கள் இருந்தால் கிராமத்தின் பெயரோடு எழுதுங்கள். மழைக்காலத்தில் பாலாற்றின் மாராபட்டுப் பாலத்தடியில் நுரை பொங்கினால் தேதி போட்டுப் படம் அனுப்புங்கள். வெளியிடுகிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்