கூடத்துக்குள் ஒரு கொட்டகை



சென்ற இதழில் துணி துவைக்கும் மெஷினைப் பற்றி எழுதியதும், "அக்கா, டி.வி.க்கு ஹோம் தியேட்டர் வாங்கலாம்னு இருக்கோம், எதைப் பார்த்து வாங்குறது?" என்று கேட்டு நாலைந்து கடிதங்கள் வந்துவிட்டன. எல்லாவற்றிலும் ஒரே புலம்பல்தான். கடைக்காரர் வாட்ஸ் என்கிறார், சானல் என்கிறார், புளூடூத் என்கிறார். கூட வந்த அப்பாவும் பிள்ளையும் எல்லாம் புரிந்த மாதிரி தலையாட்டுகிறார்கள். சீட்டுப் பணத்தை எடுத்துக் கொடுக்கிற நமக்கு மட்டும் ஒன்றும் விளங்குவதில்லை.

அரிசியைக் கையில் அள்ளிப் பார்த்து, கத்தரிக்காயின் காம்பைக் கிள்ளிப் பார்த்து வாங்குகிறவர்கள் நாம். இதையும் அப்படிப் பார்த்து வாங்க முடியும். கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

ஏன் வேண்டும்?

முதலில் இது ஆடம்பரமா, அவசியமா என்று பார்ப்போம். பழைய பிக்சர் டியூப் டி.வி. நல்ல பெரிய பெட்டி. அதில் ஸ்பீக்கர் நம் முகத்தைப் பார்த்து இருந்தது. இன்றைய டி.வி. அப்பளம் மாதிரி மெலிசு. உள்ளே இருக்கிற குட்டி ஸ்பீக்கர்கள் பெரும்பாலும் கீழே பார்த்தோ, பின்னால் சுவரைப் பார்த்தோதான் இருக்கின்றன. படம் பளிச்சென்று இருக்கிறது, பேச்சு மட்டும் கிணற்றுக்குள்ளிருந்து வருகிறது.

வீட்டில் வயதானவர்கள் இருந்தால் இந்தக் கஷ்டம் இரட்டிப்பு. வயதாக ஆக, கீச்சென்ற உயர்ந்த ஒலிகள்தான் முதலில் காதுக்கு எட்டாமல் போகும். க, ச, த, ப போன்ற எழுத்துக்களைப் பிரித்துக் காட்டுவது அந்த உயர்ந்த ஒலிகளே. அதனால் 'கடம்' என்றாலும் 'படம்' என்றாலும் 'தடம்' என்றாலும் அவர்களுக்கு ஒன்றுபோல் விழும். "சத்தம் கேக்குது, வார்த்தைதான் புரியலை" என்று பெரியவர்கள் சொல்வது இதனால்தான். சத்தத்தைக் கூட்டினால் இரைச்சல் கூடுமே தவிர, வார்த்தை தெளியாது. (பெரியவர்கள் எதற்கெடுத்தாலும் "என்ன, என்ன?" என்று கேட்டால், ஸ்பீக்கர் வாங்குமுன் ஒரு தடவை காது மூக்கு தொண்டை டாக்டரிடம் காட்டிவிடுங்கள். மிஷினும் மருந்தும் வேறு வேறு.)

2.1, 5.1 என்றால் என்ன?

புள்ளிக்கு முன்னால் இருக்கிற எண், சாதாரண ஸ்பீக்கர்களுக்கான ஒலி வழிகளின் எண்ணிக்கை. புள்ளிக்குப் பின்னால் இருக்கிற 1, தடதடக்கும் அடிக் குரலுக்கான சப்-ஊஃபர். ஆக 2.1 என்றால் இடம், வலம் இரண்டும் ஒரு சப்-ஊஃபரும். 3.1 என்றால் நடுவில் ஒன்று கூடுதல். 5.1 என்றால் அதோடு பக்கத்துக்கு ஒன்றாக, சற்றுப் பின்தள்ளி இரண்டு. சினிமாக் கொட்டகைகளுக்கு டால்பி டிஜிட்டல் என்ற இந்த 5.1 முறை 1992-ல் 'பேட்மேன் ரிட்டர்ன்ஸ்' படத்தோடு வந்தது. அங்கிருந்துதான் நம் கூடத்துக்கு இறங்கியிருக்கிறது.

இதில் நீங்கள் மறக்கக் கூடாதது அந்த நடு ஸ்பீக்கர். 5.1 முறையில் தயாரித்த படத்தில் வசனத்தில் பெரும்பகுதி அதன் வழியாகத்தான் வரும். பக்கத்து ஸ்பீக்கர்களில் மழையும், காரும், கூட்டத்தின் சத்தமும் வரும். எனவே நடு ஸ்பீக்கர் மட்டமாக இருந்தால், மற்ற நாலும் தங்கமாக இருந்தும் பிரயோசனமில்லை.

மூன்று வழிகள்

குறைந்த பணத்தில் வாங்குகிறவர்களுக்கு மூன்று வழி உண்டு.

முதலாவது, சவுண்ட்பார். டி.வி.க்குக் கீழே வைக்கிற நீளப் பட்டை. ஒயர் குறைவு, இடம் குறைவு, தூசி தட்டுவதும் சுலபம். சின்னக் குழந்தை இருக்கிற வீட்டுக்கும், அடிக்கடி வீடு மாற்றுகிற வாடகைக்காரர்களுக்கும் இதுதான் சௌகரியம். சப்-ஊஃபரோடு வருவதாகவும், நடுச் சானல் உள்ளதாகவும் பார்த்து வாங்குங்கள்.

இரண்டாவது, எல்லாம் ஒரே பெட்டியில் வருகிற 5.1 செட். பார்க்க நிறையத் தெரியும், விலையும் சகாயம். ஆனால் மலிவு செட்டுகளில் ஸ்பீக்கர்கள் உள்ளங்கையளவுதான். ஒன்று பழுதானால் மாற்றுவதற்கு வேறு கம்பெனி ஸ்பீக்கர் பெரும்பாலும் பொருந்தாது.

மூன்றாவது, ரிசீவர் தனி, ஸ்பீக்கர்கள் தனி. இது நகை சேர்ப்பது மாதிரி. முதலில் ஒரு ரிசீவரும் இரண்டு நல்ல ஸ்பீக்கரும். அடுத்த போனஸுக்கு நடு ஸ்பீக்கர். அதற்கடுத்து சப்-ஊஃபர். பின்புற ஸ்பீக்கர்கள் கடைசியில். ஆரம்பச் செலவு கூட என்றாலும், வாங்கினது எதுவும் வீணாகாது. இந்த வழியில் போகிறவர்கள் ஸ்பீக்கரின் பின்னால் எழுதியிருக்கும் 'ஓம்' அளவு ரிசீவருக்கு ஒத்துவருகிறதா என்று கேட்டுக்கொள்ள வேண்டும். 6 ஓமுக்குக் குறையக் கூடாது என்று போட்டிருக்கிற ரிசீவரில் 4 ஓம் ஸ்பீக்கரை மாட்டினால் ரிசீவர் சூடேறும்.

கையில் இருப்பதை ஐந்தாகப் பிரித்து ஐந்து மட்டமான ஸ்பீக்கர் வாங்குவதைவிட, மூன்றாகப் பிரித்து மூன்று நல்லது வாங்குவதே என் கட்சி.

வாட்ஸ் கணக்கு

அட்டைப் பெட்டியில் 5,000 வாட்ஸ், 10,000 வாட்ஸ் என்று போட்டிருந்தால், பக்கத்தில் பி.எம்.பி.ஓ. என்று பொடி எழுத்தில் இருக்கிறதா பாருங்கள். அது ஒரு நொடிக்கும் குறைவான நேரத்துக்கு எட்டலாம் என்று அவர்களாகப் போட்டுக்கொள்கிற கணக்கு. அதற்கென்று ஒழுங்கான அளவுகோல் கிடையாது. நீங்கள் கேட்க வேண்டியது ஆர்.எம்.எஸ். வாட்ஸ். விடாமல் தரக்கூடிய சக்தி அதுதான். அதிலும் 10 சதவீதம் கரகரப்போடு அளந்து எழுதுகிறவர்கள் உண்டு. 1 சதவீதத்துக்குள் அளந்தது நம்பகமானது.

இன்னொரு விஷயம். வாட்ஸ் இரண்டு மடங்கானால் சத்தம் இரண்டு மடங்காகாது, 3 டெசிபல்தான் கூடும். காதுக்கு இரண்டு மடங்காகத் தோன்ற ஏறக்குறைய 10 டெசிபல் வேண்டும், அதற்கு வாட்ஸ் பத்து மடங்காக வேண்டும். ஆகவே 80 வாட்ஸுக்கும் 100 வாட்ஸுக்கும் இருக்கிற வித்தியாசத்துக்காக இரண்டாயிரம் ரூபாய் கூடக் கேட்டால், "வேண்டாம் தம்பி" என்று தைரியமாகச் சொல்லுங்கள்.

சப்-ஊஃபர் என்கிற பெருங்காயம்

சாம்பாரில் பெருங்காயம் இருக்கிறது என்று தெரியாமல் மணக்க வேண்டும். சப்-ஊஃபரும் அப்படித்தான். மிருதங்கத்தின் தொப்பி கனமாகக் கேட்க வேண்டும், ஆனால் மூலையில் ஒரு பெட்டி அதிர்கிறது என்று தெரியக் கூடாது.

10-க்கு 12 அடி கூடத்துக்கு 8 அங்குல சப்-ஊஃபர் தாராளம். பெரிய ஹாலாக இருந்தால் 10 அங்குலம். எந்த ஒலிக்குக் கீழே சப்-ஊஃபர் வேலை செய்ய வேண்டும் என்று திருப்பி வைக்கிற வசதி இருந்தால், 80 ஹெர்ட்ஸில் ஆரம்பியுங்கள். அதற்குக் கீழான ஒலி எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று காதால் கண்டுபிடிப்பது கடினம். அதனால் பெட்டியை சோபா பக்கத்திலோ ஓரமாகவோ வைத்துக்கொள்ளலாம். கையளவு ஸ்பீக்கர் உள்ள செட் என்றால் 120 வரை கூட்ட வேண்டியிருக்கும். சுவர் மூலையில் நெருக்கி வைத்தால் சத்தம் கூடும், கூடவே "கும் கும்" என்ற இரைச்சலும் கூடும்.

நல்ல இடம் கண்டுபிடிக்க ஒரு வேடிக்கையான வழி உண்டு. நீங்கள் உட்காரும் இடத்தில் சப்-ஊஃபரை வைத்து, மிருதங்கமோ தவிலோ உள்ள பாட்டைப் போட்டுவிட்டு, சுவரோரமாகத் தவழ்ந்து போய்க் கேளுங்கள். எந்த இடத்தில் அடி சீராக, தெளிவாகக் கேட்கிறதோ அங்கே பெட்டியை வையுங்கள். பிள்ளைகளைத் தவழச் சொன்னால் சந்தோஷமாகச் செய்வார்கள்!

அடுக்குமாடியில் இருக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. இந்த அடிக் குரல் சுவரையும் தளத்தையும் தாண்டிப் போகும். உங்களுக்கு இதமாக இருப்பது கீழ்வீட்டில் தொட்டிலில் தூங்குகிற கைக்குழந்தையை எழுப்பிவிடும். அடியில் ரப்பர் மெத்தை போட்டால் தரையின் அதிர்வு கொஞ்சம் குறையும், ஆனால் காற்றில் போகிற ஒலி குறையாது. இரவு ஒன்பது மணிக்கு மேல் சப்-ஊஃபரைக் குறைத்துவிடுவதே வழி. பல செட்டுகளில் 'நைட் மோட்' என்று ஒன்று இருக்கும். அது பெரிய சத்தத்தை அடக்கி, மெல்லிய பேச்சைத் தூக்கிக் கொடுக்கும். தாய்மார்களுக்கு அது ஒரு வரப்பிரசாதம்.

கடையில் கேட்கும் முறை

சென்னை ரிச்சி தெருவாக இருந்தாலும் உங்கள் ஊர்க் கடைவீதியாக இருந்தாலும், கேட்காமல் வாங்காதீர்கள். கடையில் போட்டுக்காட்டுவது எப்போதும் வெடிச் சத்தம்தான். வெடிச் சத்தத்தில் எந்த செட்டும் பிரமாதமாக இருக்கும்!

எங்கள் வீட்டில் போன வருஷம் இதே பேச்சு வந்தது. பேச்சு புரியாததால் என் அத்தை (மாமியார்) டி.வி. முன்னால் உட்காருவதையே விட்டுவிட்டிருந்தார். எல்லோரும் கூடத்தில் சிரிக்கும்போது அவர் மட்டும் உள்ளே தனியாக ஜெபமாலை உருட்டிக்கொண்டிருப்பார். ஒதுக்கி வைத்திருந்தது 15,000 ரூபாய். இவருக்கும் பையனுக்கும் ஐந்து ஸ்பீக்கரும் பெரிய சப்-ஊஃபரும் உள்ள செட் மேல் ஆசை. "யாருக்காக வாங்கறோமோ அவங்க காதுதான் தீர்ப்பு சொல்லணும்" என்று அத்தையையும் கூட்டிக்கொண்டு போனேன்.

கடைக்காரரிடம், "தம்பி, சண்டை வேணாம். ரெண்டு பேர் உக்காந்து பேசற சீன் போடுங்க" என்றேன். ஐந்து ஸ்பீக்கர் செட்டில் போட்டார். "என்னம்மா சொல்றான்?" என்றார் அத்தை. அதே விலையில் நடுச் சானல் உள்ள சவுண்ட்பாரும் சின்ன சப்-ஊஃபரும் இருந்தன. அதே காட்சியை அதில் போடச் சொன்னேன். அத்தை கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, "பொண்ணு பாக்க வர்றவங்க வெள்ளிக்கிழமை வர்றாங்களாம்" என்றார். வசனம் அதேதான்! இவர் மறுபேச்சுப் பேசாமல் பர்ஸை எடுத்தார்.

நீங்கள் போகும்போது இவற்றைச் செய்யுங்கள்:

செய்தி வாசிப்பது ஒன்று, கச்சேரிப் பாட்டு ஒன்று, நன்றாகத் தெரிந்த படக் காட்சி ஒன்று, மூன்றும் கைபேசியில் எடுத்துப் போங்கள்.

இரண்டு செட்டை ஒப்பிடும்போது இரண்டும் ஒரே சத்தத்தில் இருக்கட்டும். சற்றுக் கூடுதலாகச் சத்தம் வைத்தது எப்போதும் நன்றாக இருக்கிற மாதிரி காதை ஏமாற்றும்.

'பேஸ் பூஸ்ட்' போன்ற ஜோடனைகளை நிறுத்திவிட்டுக் கேளுங்கள்.

உங்கள் டி.வி.யின் பின்னால் எச்.டி.எம்.ஐ. ஏ.ஆர்.சி. என்று எழுதின துளை இருக்கிறதா என்று வீட்டிலேயே பார்த்துக்கொண்டு போங்கள். அது செட்டிலும் இருந்தால் ஒரே ஒயரில் வேலை முடியும், பெரும்பாலும் டி.வி. ரிமோட்டிலேயே சத்தத்தைக் கூட்டிக் குறைக்கலாம். இல்லையென்றால் 'ஆப்டிகல்' துளையாவது வேண்டும்.

சர்வீஸ் உங்கள் ஊரிலேயே உண்டா, பிடிக்காவிட்டால் எத்தனை நாளைக்குள் மாற்றித் தருவார்கள் என்று பில்லிலேயே எழுதி வாங்குங்கள்.

வீட்டில் வைக்கும் முறை

இட, வல ஸ்பீக்கர்கள் நீங்கள் உட்காரும் இடத்திலிருந்து ஒரே தூரத்தில், உட்கார்ந்தால் காது இருக்கிற உயரத்தில் இருக்க வேண்டும். நடு ஸ்பீக்கர் டி.வி.க்குக் கீழே தாழ்வாக இருந்தால் முன்பக்கம் சற்று மேல் பார்க்கும்படி அண்டைக் கொடுங்கள். ஷோகேஸுக்குள் பொம்மைகளுக்கு நடுவில் ஸ்பீக்கரைத் திணித்தால் குரல் அடைத்துக்கொள்ளும். ஒயரில் சிவப்பு சிவப்போடும் கறுப்பு கறுப்போடும் சேர வேண்டும். ஒன்று மாறினாலும் அடிக் குரல் சோகை பிடித்துப் போகும்.

நம் வீடுகளில் டைல்ஸ் தரையும் வெறும் சுவரும்தான். சத்தம் எதிரொலித்து வார்த்தையைக் குழப்பும். ஒரு பவானி ஜமக்காளத்தை விரித்து, ஜன்னலுக்குக் கனமான திரை போட்டுப் பாருங்கள். செட்டின் விலை ஆயிரம் இரண்டாயிரம் கூடின மாதிரி இருக்கும்.

குழந்தைகளும் காதும்

சாதாரணப் பேச்சு சுமார் 60 டெசிபல். வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்பதானால் பெரியவர்களுக்கு 80, குழந்தைகளுக்கு 75 டெசிபலுக்கு மேல் வேண்டாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். 3 டெசிபல் கூடினால் கேட்கிற நேரத்தைப் பாதியாக்க வேண்டும். கைபேசியில் சத்தம் அளக்கிற ஆப்கள் உண்டு, ஓரளவுக்குக் காட்டும். அதுகூட வேண்டாம், படம் ஓடும்போது பக்கத்தில் இருக்கிறவரிடம் கத்திப் பேச வேண்டியிருந்தால் சத்தம் அதிகம் என்று அர்த்தம். ஒரு தடவை கெட்ட காது நரம்பு திரும்ப வளராது.

சின்னக் குழந்தைகளை ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் உட்கார விடாதீர்கள். ஒயர்களைச் சுவரோரமாக ஒட்டிவிடுங்கள். சப்-ஊஃபரில் ஓட்டை இருந்தால் அதைச் சுவர்ப் பக்கம் ஒரு சாண் தள்ளித் திருப்பி வையுங்கள். இல்லாவிட்டால் சில்லறைக் காசு, ரப்பர், பென்சில் எல்லாம் அதற்குள்ளேதான் போகும்! இடி மின்னல் வந்தால் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள்.

என்ன சகோதரிகளே, இனி கடைக்காரர் வாட்ஸ் என்றால் நீங்கள் "ஆர்.எம்.எஸ்.ஸா, பி.எம்.பி.ஓ.வா?" என்று கேட்பீர்கள் அல்லவா? அடுத்த இதழில் பலரும் கேட்டிருக்கிற தண்ணீர் சுத்திகரிக்கும் சாதனத்தைப் பற்றி எழுதுகிறேன்.